நடுங்கினா, விறைச்சா எல்லாமே பார்க்கின்சன் இல்லீங்க: ஸ்கேன் பார்க்கற டாக்டர்களுக்கும் மருந்து எழுதற டாக்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

தமிழ்நாட்டுல மூளை எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடற ரேடியாலஜி டாக்டர்களுக்கும், அந்த ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து மருந்து எழுதற நியூராலஜி டாக்டர்களுக்கும், பொது மருத்துவம் பார்க்கற டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். நான் ஈரோடு பக்கத்துல வீடு வீடா போயி நரம்பு நோய் இருக்கறவங்களுக்கு பிசியோதெரபி குடுக்கறவ. நோய் என்னன்னு முடிவு பண்றது உங்க வேலை, அதுல நான் கை வைக்க வரல. ஆனா நீங்க ஓபில கொஞ்ச நேரம் பார்க்கற ஆளை நான் வாரத்துல பல தடவை அவங்க வீட்டுக்குள்ளயே பார்க்கறேன், கட்டில்ல இருந்து எப்படி எந்திரிக்கறாங்க, பாத்ரூம் வாசப்படிய எப்படித் தாண்டறாங்க, சாப்பிடறப்ப கை எங்க போகுது எல்லாம் கண்ணு முன்னாடி நடக்குது, அதனால சொல்ல வேண்டியது எனக்கும் கொஞ்சம் இருக்கு.

என்கிட்ட வர்ற ஃபைல் முக்காவாசி ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் பக்கத்துல "பார்க்கின்சன்ஸ்". எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல "வயசுக்கேத்த மூளைச் சுருக்கம், சின்ன ரத்தக்குழாய் மாற்றங்கள், வேற குறிப்பிடும்படியா இல்லை". மருந்துச் சீட்டுல பார்க்கின்சனுக்குக் குடுக்கற லீவோடோபா, கேக்கலைன்னா டோஸ் ஏறியிருக்கும், அதுக்கும் கேக்கலைன்னா இன்னும் ஏறியிருக்கும். ஆனா அந்த ஃபைலுக்குச் சொந்தக்காரங்க ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இருக்கவே மாட்டாங்க.

ஒரு பெரியவர், தறி ஓட்டினவர், அறுபதைத் தாண்டினவர். அவருக்கு நடுக்கமே கிடையாது. வியாதி ஆரம்பிச்ச முதல் வருஷத்துலயே பின்பக்கமா விழ ஆரம்பிச்சுட்டாரு, பீரோ கதவைத் திறக்கறப்ப அப்படியே மரம் சாயற மாதிரி மல்லாக்க. மாடிப்படி ஏறிடுவாரு, இறங்கறதுக்குத்தான் பயம். இலை போட்டு சோறு வச்சா நடுவுல இருக்கறத விட்டுட்டு கை எங்கயோ துழாவும், சட்டை முன்பக்கம் பூரா குழம்புக் கறை, வீட்டம்மா "கொழந்தையாட்டம் ஆயிட்டாருங்க"ன்னு கண்ணைத் துடைச்சுக்கறாங்க. அவருக்குக் கண்ணைக் கீழ இறக்க முடியலைங்க, அதுதான் விஷயம். தலையைப் பிடிச்சுக் குனிய வச்சா இலை தெரியுது, கண்ணை மட்டும் இறக்குங்கன்னா கண்ணு நடுவுலயே நிக்குது. நாற்காலில இருந்து எந்திரிக்கறப்ப ஒரே துள்ளா துள்ளி எந்திரிச்சு, திரும்ப அதுலயே தொப்புனு விழுவாரு. பேரு எழுதின சீட்டுல மட்டும் பார்க்கின்சன்ஸ்.

இந்தக் கதைக்குப் பேரு உங்களுக்கே தெரியும். பிஎஸ்பி, ப்ராக்ரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி. ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கின்னு டொராண்டோ டாக்டர்கள் மூணு பேரு 1964ல எழுதி வச்ச நோய், புதுசு ஒண்ணும் இல்ல. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ல எழுதின நோயும் இதுவும் வெளியில பார்க்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் உள்ள வேற. பார்க்கின்சன்ல தேங்கறது ஆல்ஃபா சைநியூக்ளின்ங்கற புரதம், பிஎஸ்பில டௌங்கற வேற புரதம். எம்எஸ்ஏன்னு சொல்ற மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபில திரும்ப சைநியூக்ளின்தான், ஆனா அது நரம்பு செல்லுல இல்லாம அதுக்குத் துணையா இருக்கற கிளையல் செல்லுல தேங்குது. கார்டிகோபேசல் டீஜெனரேஷன்னு ஒண்ணு, அது டௌ பக்கம். லூயி பாடி டிமென்ஷியா, அது பார்க்கின்சனோட கூடப்பிறந்த மாதிரி, ஆனா அறிவு தடுமாற்றம் முதல்ல வந்துடும் இல்ல கூடவே வரும். எல்லாத்துக்கும் விறைப்பு உண்டு, மெதுவாப் போறது உண்டு. அதனாலதான் குழப்பம், நான் அதைப் புரிஞ்சுக்கறேன்.

இந்தக் குழப்பம் நம்ம ஊரு டாக்டருக்கு மட்டும் வர்றதும் இல்ல. லண்டன்ல 1992ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, உயிரோட இருக்கறப்ப பார்க்கின்சன்னு சொல்லப்பட்ட 100 பேரோட மூளையை இறந்த பிறகு எடுத்துப் பார்த்ததுல 76 பேருக்குத்தான் அது பார்க்கின்சன். மீதி 24 பேருக்கு வேற, அதுல பிஎஸ்பியும் எம்எஸ்ஏவும் உண்டு. பத்து வருஷம் கழிச்சு 2002ல அதே லண்டன்ல, இந்த அசைவு நோய்களை மட்டும் பார்க்கற ஸ்பெஷலிஸ்டுங்க கிட்ட வந்த ஆளுங்களை வச்சுப் பார்த்தப்ப, அவங்க பார்க்கின்சன்னு சொன்னது 98.6 சதவீதம் சரியா இருந்துச்சு. எதைத் தேடணும்னு தெரிஞ்சு தேடினா கிடைக்குதுன்னுதான் இதுல இருந்து நான் எடுத்துக்கறேன்.

சரி, முதல்ல ரேடியாலஜி டாக்டர்களுக்கு.

நான் கேக்கறது புது மெஷின் இல்லீங்க. ஏற்கனவே எடுத்து வச்சிருக்கற படத்தையே அளந்து எழுதுங்கன்னுதான் கேக்கறேன். நடுக்கோட்டுல வெட்டின டி1ங்கற எம்ஆர்ஐ படம், அந்த ஒரே படத்துல மூளைத்தண்டோட பாகங்களான மிட்பிரெயினும் பான்ஸும் பக்கத்துல பக்கத்துல தெரியுது. பிஎஸ்பில மிட்பிரெயின் தேஞ்சு போயி அதோட மேல்விளிம்பு மேடா இருக்க வேண்டியது தட்டையாயிடும், அப்புறம் உள்ள குழிஞ்சுடும், பான்ஸ் மட்டும் பழையபடி நிக்கும், பார்க்க ஹம்மிங்பேர்ட் குருவி மாதிரி இருக்கும், அதைத்தான் ஹம்மிங்பேர்ட் சைன்னு சொல்றீங்க. கண்ணால பார்த்து "இருக்கற மாதிரி இருக்கு"ன்னு சொல்றதை விட அளந்துடறது நல்லதுன்னு சொல்ற ஆய்வுங்க நிறைய வந்தாச்சு. 2013ல வந்த ஒண்ணு, நோய் இன்னதுன்னு மூளையைப் பரிசோதிச்சு உறுதி பண்ணின ஆளுங்களோட பழைய ஸ்கேன்களை எடுத்து அளந்து பார்த்தது. மிட்பிரெயின் 9.35 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தாலோ, மிட்பிரெயினுக்கும் பான்ஸுக்கும் உள்ள விகிதம் 0.52க்குக் கீழ இருந்தாலோ, அந்தக் கூட்டத்துல அது பிஎஸ்பியாத்தான் இருந்துச்சு. இத்தாலில குவாட்ரோனே குழு 2008ல இன்னும் கொஞ்சம் விரிவா ஒரு கணக்குப் போட்டாங்க, பான்ஸ் பரப்பை மிட்பிரெயின் பரப்பால வகுத்து, சிறுமூளையோட நடுத்தண்டு அகலத்தை மேல்தண்டு அகலத்தால வகுத்து, ரெண்டையும் பெருக்கறது, பிஎஸ்பில அந்த எண்ணு ஏறும். ஸ்க்ரீன்ல ரெண்டு கோடு போட்டா வந்துடற அளவு தானுங்களே முதல்ல சொன்னது. அதை ரிப்போர்ட்ல ஒரு வரியா எழுதுங்க. எழுதினா அடுத்த வருஷம் எடுக்கற ஸ்கேனோட ஒப்பிட முடியும், "வயசுக்கேத்த சுருக்கம்"னு எழுதினா எதோட ஒப்பிடறது?

எம்எஸ்ஏக்கும் இதே மாதிரிதான். பான்ஸ்ல குறுக்கும் நெடுக்குமா வெள்ளைக்கோடு, சிலுவை போட்ட பன் மாதிரின்னு பேரு வச்சிருக்காங்க. மூளைக்குள்ள ஆழத்துல இருக்கற புட்டாமென் சுருங்கி வெளிவிளிம்புல ஒரு வெள்ளைக்கோடு, நடு சிறுமூளைத் தண்டு மெலியறது, சிறுமூளை தேயறது. இதுல ஒண்ணு சொல்லணும், அந்த புட்டாமென் விளிம்புக்கோடு காந்த சக்தி கூடுன 3 டெஸ்லா மெஷின்ல நல்லா இருக்கறவங்களுக்கே தெரியுமாம், அதனால அதை மட்டும் வச்சு எம்எஸ்ஏன்னு எழுதிடவும் கூடாது. பன் அடையாளமும் அப்படித்தான், பரம்பரையா வர்ற சில சிறுமூளை நோய்லயும் வரும். ஹம்மிங்பேர்டும் ஆரம்பத்துல தெரியாமயே போகலாம், மூளைல நீர் தேங்கற என்பிஎச் நோய்லயும் மிட்பிரெயின் நசுங்கின மாதிரி தெரியலாம். அடையாளம் இல்லைன்னா நோய் இல்லைன்னு ஆகாது, இருந்தா அதுவே முடிவும் ஆகாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா, நான் சொல்ல வர்றது "இந்த அடையாளங்களைத் தேடினேன், இது இருக்கு, இது இல்லை"ன்னு ரிப்போர்ட்ல இருக்கணும். தேடினீங்களா இல்லையான்னே தெரியாத ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு யாரும் ஒண்ணும் பண்ண முடியறதில்ல.

என்பிஎச் பத்திச் சொன்னதும் இன்னொண்ணு. நடை தடுமாறி, ஒண்ணுக்கு அடக்க முடியாம, மறதியும் சேர்ந்து வந்தா மூளைக்குள்ள நீர் இருக்கற வென்ட்ரிகிள் அறையோட அகலத்தைக் கட்டாயம் அளந்து போடுங்க, ஏன்னா இந்தக் கூட்டத்துலயே நீரை வடிக்கற ஷன்ட் குழாய் வச்சு ஓரளவு நடக்க வைக்க முடியற ஆளுங்க அவங்கதான். அதே மாதிரி நாப்பதுக்குக் கீழ யாராவது விறைப்போட வந்தா வில்சன் நோயை மனசுல வச்சுப் பாருங்க, காப்பர் தேங்கறது, மருந்து இருக்கு, விட்டா போச்சு.

இப்ப, மூளைல டோபமைன் செல்லுங்க எப்படி இருக்குன்னு காட்டற டோபமைன் ஸ்கேன். நம்ம ஊர்ல ட்ரோடாட்னு எழுதித் தர்றாங்க, சில இடத்துல எஃப்டோபா பெட். குடும்பத்துக்காரங்க கடனை உடனை வாங்கி எடுத்துட்டு வந்து "இப்ப இது பார்க்கின்சனா பிஎஸ்பியான்னு தெரிஞ்சுடுங்களா"ன்னு என்னைக் கேக்கறாங்க. அந்த ஸ்கேன் அதைச் சொல்லாதுங்களே. பார்க்கின்சன், பிஎஸ்பி, எம்எஸ்ஏ மூணுலயுமே டோபமைன் கடத்தி குறைஞ்சுதான் இருக்கும். எசென்ஷியல் ட்ரெமர்னு சொல்ற வெறும் கைநடுக்கமா, மருந்தால வந்த விறைப்பா, இல்ல நிஜமாவே செல்லு அழியற நோயாங்கறதைப் பிரிக்கத்தான் அது. லூயி பாடியா அல்சைமரான்னு குழம்பறப்பவும் உதவும். மூணுக்குள்ள எதுன்னு கேட்டா, மூளை எங்க எவ்வளவு சர்க்கரையை எடுத்துக்குதுன்னு காட்டற எஃப்டிஜி பெட் தான் கொஞ்சம் பேசும், எம்எஸ்ஏல புட்டாமெனும் சிறுமூளையும் மங்கும், பிஎஸ்பில முன்மூளையோட நடுப்பக்கமும் மிட்பிரெயினும், கார்டிகோபேசல்ல ஒரு பக்கம் மட்டும் தூக்கலா, லூயி பாடில பின்மூளை. தயவுசெஞ்சு ஸ்கேன் எழுதறதுக்கு முன்னாடி "இதுல இது தெரியும், இது தெரியாது"ன்னு ரெண்டு வார்த்தை வீட்டுக்காரங்க கிட்டச் சொல்லிடுங்க. அவங்க நகையை அடகு வச்சு எடுக்கறாங்க.

புளோரிடா பல்கலைக்கழகத்துல டிஃப்யூஷன் எம்ஆர்ஐயை கம்ப்யூட்டரை விட்டுப் படிக்க வச்சு 21 சென்டர்ல 249 பேர்கிட்ட சோதிச்சு 2025ல வெளியிட்டிருக்காங்க, பார்க்கின்சனையும் பிஎஸ்பி, எம்எஸ்ஏ ரெண்டையும் ரொம்ப நல்லாப் பிரிக்குதாம். வரட்டும், சந்தோஷம். அது நம்ம ஊருக்கு வர்ற வரைக்கும் கோடு போட்டு அளக்கறதை யாரும் தடுக்கலையே.

அடுத்தது மருந்து எழுதற டாக்டர்களுக்கு. ஸ்கேன் பாதிதான், மீதி பாதி அந்த ஆளு எப்படி யோசிக்கறாருங்கறதுல இருக்கு, அதை நம்ம பக்கம் பெரும்பாலும் யாரும் பார்க்கறதே இல்ல. பார்த்தாலும் எம்எம்எஸ்இன்னு ஒரு அறிவுச் சோதனையைப் போட்டுட்டு "30க்கு 27, நல்லா இருக்கு"ன்னு முடிச்சுடறாங்க. எம்எம்எஸ்இல பெரும்பாலும் பார்க்கறது ஞாபகம், தேதி, இடம், பேச்சு மாதிரி விஷயங்களைத்தான். பிஎஸ்பில ஞாபகம் அவ்வளவு சீக்கிரம் போறதில்ல, போறது முன்மூளையோட வேகமும் கட்டுப்பாடும். அந்தத் தறிக்காரப் பெரியவரை அவங்க பையன் கூட்டிட்டுப் போயி ஒரு சைக்காலஜிஸ்ட் சோதிச்சப்ப நானும் கூட இருந்தேன். தேதி சரியாச் சொன்னாரு, கலெக்டர் ஆபீஸ் எங்கன்னு சொன்னாரு, மூணு பொருளை ஞாபகம் வச்சுத் திருப்பிச் சொன்னாரு. அப்புறம் "ஒரு நிமிஷத்துல 'க'ல ஆரம்பிக்கற வார்த்தையா சொல்லுங்க ஐயா"ன்னாங்க. கல்லு, கடைன்னாரு. அப்படியே நின்னுட்டாரு. முகத்துல ஒரு அசைவும் இல்ல, சொல்ல மாட்டேன்னும் சொல்லல, தெரியலைன்னும் சொல்லல, நிமிஷம் பூரா ஓடிப்போச்சு. "மூணு தடவை மட்டும் வேகமா கை தட்டுங்க"ன்னாங்க, தட்டினாரு, தட்டிக்கிட்டே இருந்தாரு, பையன் கையைப் பிடிச்சு நிறுத்தற வரைக்கும். அந்த அறைக்குள்ள அவ்வளவு வெளிச்சமாத் தெரிஞ்ச விஷயம், ரெண்டு வருஷ ஃபைல்ல எங்கயுமே இல்ல.

கைதட்டற சோதனை பிஎஸ்பிக்கு மட்டும்னு இல்ல, வேற நோய்லயும் வரும், அது தெரியும். ஆனா ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பார்த்தா படம் கிடைக்குது. எஃப்ஏபின்னு முன்மூளைக்குன்னே ஒரு சோதனை, 2000ல டூபுவா குழு போட்டது, மொத்தம் 18 மார்க், பத்து நிமிஷத்துல முடியும். பார்க்கின்சன் ஆரம்பத்துல இதுல அவ்வளவா விழ மாட்டாங்க, பிஎஸ்பில நல்லாவே விழுவாங்க. எம்எஸ்ஏல யோசனை மத்ததை விட நல்லாவே நிக்கும், அங்க நீங்க பார்க்க வேண்டியது படுத்து அளந்த பிரஷரையும் எந்திரிச்சு நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள அளந்த பிரஷரையும், மேல் எண்ணு 20க்கு மேல இறங்குதா, ஒண்ணுக்குப் போறதுல தொந்தரவு இருக்கா. லூயி பாடில கடிகாரம் வரையச் சொன்னா எண்ணெல்லாம் ஒரு பக்கமாக் குவியும், ஒண்ணோட ஒண்ணு பின்னின ஐங்கோணம் வராது, ஆனா கதை சொன்னா ஓரளவு ஞாபகம் இருக்கும், இன்னிக்கு நல்லாப் பேசினவங்க நாளைக்கு யாருன்னே தெரியாம முழிப்பாங்க, வீட்டுக்குள்ள கொழந்தைங்க உக்காந்திருக்கறதாச் சொல்லுவாங்க. கார்டிகோபேசல்ல சீப்பைக் கையில குடுத்தா என்ன பண்றதுன்னு கை மறந்துடும், அதுவும் ஒரு கை மட்டும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிடறேன். பள்ளிக்கூடம் பக்கமே போகாத அம்மாக்களை "ப"ல வார்த்தை சொல்லுங்க, ஐங்கோணம் வரைங்கன்னு சொல்லி மார்க் குறைச்சா அது நோயோட மார்க் இல்ல, படிப்போட மார்க். "க"ன்னு கேட்டா "கா, கி, கு" எல்லாம் கணக்கான்னு சோதிக்கறவங்களுக்குள்ளயே ஒரே பேச்சு இல்ல. எழுத்தே தெரியாதவங்க கிட்ட மிருகம் பேரு, காய்கறி பேரு கேக்கலாம். முஷ்டி, கைவிளிம்பு, உள்ளங்கைன்னு மேசை மேல மாத்தி மாத்தி வைக்கச் சொல்லலாம், நான் ஒண்ணு தட்டினா நீங்க ரெண்டு தட்டுங்கன்னு சொல்லலாம், இதுக்கெல்லாம் எழுத்து தேவையில்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020ல ஒரு அறிவுச் சோதனைத் தொகுப்பைச் சரிபார்த்து வெளியிட்டாங்க, அப்ப வந்த அஞ்சு மொழில இந்தி, பெங்காலி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் இருந்துச்சு, தமிழ் இல்ல. படிச்சவங்களுக்கு ஒண்ணு, படிக்காதவங்களுக்கு ஒண்ணுன்னு வயசுவாரியா தமிழ்ல அளவுகோல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி ஓபிலயும் கைக்கெட்டற இடத்துல இருக்கணும். இதைச் செய்யற ஆள்பலம் உங்க டிபார்ட்மென்ட்கள்ல இருக்கு, முதுகலை மாணவங்க தீசிஸுக்கு வருஷா வருஷம் தலைப்புத் தேடறாங்களே.

"பேரு எதுவானா என்ன, எதுக்கும் முழுசா குணமாக்கற மருந்து இல்லையே"ன்னு ஒரு டாக்டர் என்கிட்டயே கேட்டாரு. அவரு நல்ல மனுசன்தான், ஆனா இந்த வார்த்தையை என்னால ஏத்துக்க முடியல. லூயி பாடி இருக்கற அம்மாவுக்கு ராத்திரி ஆளுங்க தெரியுதுன்னு சொல்றாங்கன்னு ஹாலோபெரிடால்ங்கற மனநோய் மருந்தைப் போட்டா கட்டையாட்டம் விறைச்சுப் போயிடுவாங்க, உயிருக்கே ஆபத்து. எம்எஸ்ஏ ஆளுக்கு லீவோடோபா ஏத்த ஏத்த எந்திரிச்சு நின்னா மயங்கி விழறது கூடும். பிஎஸ்பிக்கு லீவோடோபா பெருசாக் கேக்காது, ஆனா விழாம பாத்துக்கறது முதல் நாள்ல இருந்தே வேணும், விழுங்கறதுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் சீக்கிரமே வேணும், சோறு நுரையீரலுக்குப் போயி நிமோனியா வர்றதுதான் இவங்களைக் கொண்டு போறது. டிபிஎஸ்னு மூளைல கம்பி வைக்கற ஆபரேஷன் நிஜப் பார்க்கின்சனுக்கு நல்லா உதவுது, பிஎஸ்பிக்கும் எம்எஸ்ஏக்கும் உதவாது, லட்சக்கணக்குல செலவு பண்ணிட்டு அப்புறமாத் தெரிஞ்சா அந்தக் குடும்பம் என்ன பண்ணும்? பார்க்கின்சனோட பல வருஷம் நல்லா வாழலாம், பிஎஸ்பின்னா ஆரம்பிச்சதுல இருந்து சராசரியா 6, 7 வருஷம். பொண்ணு கல்யாணம், நிலம், கடை எல்லாம் அதைப் பொறுத்துத்தானுங்களே முடிவு பண்ணுவாங்க. என் வேலையும் மாறும். பார்க்கின்சனுக்கு பெருசா அடி எடுத்து வைங்க, வேகமா நடங்கன்னு சொல்லித் தர்றேன், பிஎஸ்பி ஆளைத் தனியா வேகமா நடக்க விட்டா இடுப்பு எலும்பு போயிடும்.

இதெல்லாம் விட எனக்கு ஆத்திரம் வர்றது மருந்தால வர்ற விறைப்புல. தலைசுத்தலுக்கு சின்னாரிசின், ஒத்தைத் தலைவலிக்கு ஃப்ளூனாரிசின், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைட், கேஸ் ட்ரபிளுக்குன்னு குடுக்கற கேப்சூல்ல லீவோசல்பிரைட். ஒரு வாரத்துக்கு எழுதினதை வருஷக்கணக்கா மெடிக்கல்ல வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க, கையி நடுங்கும், நடை சுருங்கும், அதுக்கு மேல பார்க்கின்சன் மாத்திரை வேற. இந்த மாத்திரைங்களை நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு சில மாசத்துல சரியாகற விஷயம். டோபமைன் ஸ்கேன் இவங்களுக்கு நார்மலா இருக்கும். ஆனா ஸ்கேன் எழுதறதுக்கு முன்னாடி, வீட்டுல இருக்கற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க, செலவே இல்ல.

குடும்பத்துக்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வார்த்தை: லீவோடோபாவை நீங்களா சட்டுனு நிறுத்திடாதீங்க, காய்ச்சலும் விறைப்பும் ஏறி ஆபத்துல கொண்டு விட்டுடும். எதுவா இருந்தாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.

மக்கள் நல்வாழ்வுத் துறைல இருக்கறவங்க பார்வைக்கும் இது போச்சுன்னா நல்லது. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபிஸ்டுங்க வீட்டுக்கே போறாங்க, ரொம்ப நல்ல திட்டம். அவங்க கையில ஒரு பக்கம் அச்சடிச்சுக் குடுங்க: முதல் மூணு வருஷத்துக்குள்ளயே விழறாங்களா, பின்பக்கமா விழறாங்களா, கண்ணு கீழ இறங்க மாட்டேங்குதா, நின்னா பிரஷர் இறங்குதா, இல்லாத ஆளு தெரியறதாச் சொல்றாங்களா, தூக்கத்துல கத்தி கை காலை உதைக்கறாங்களா, லீவோடோபா கேக்காமயே போகுதா. ஆமான்னு வந்தா நேரா மருத்துவக் கல்லூரி நியூராலஜிக்கு அனுப்பற மாதிரி வழி இருக்கட்டும்.

ஸ்கேன் எழுதறப்ப ரெக்வெஸ்ட் ஃபார்ம்ல வெறும் "மூளை எம்ஆர்ஐ"ன்னு மட்டும் எழுதாதீங்க டாக்டர். "விறைப்பு நோய், பிஎஸ்பியா எம்எஸ்ஏவா சந்தேகம், மிட்பிரெயின், பான்ஸ் அளவு வேணும், மெல்லிசா வெட்டின டி1 எடுங்க, எஸ்டபிள்யூஐங்கற படத்தையும் சேருங்க"ன்னு எழுதுங்க, எதைத் தேடறதுன்னு தெரிஞ்சாத்தான் ரேடியாலஜி டாக்டரும் அதைத் தேடுவாரு. ஃபிலிம் மட்டும் குடுத்து அனுப்பாம சிடியோ பென்டிரைவோ குடுக்கச் சொல்லுங்க. ஃபிலிம்ல திரும்பச் சரியா அளக்க முடியாது, அடுத்த வருஷம் வேற ஊர்ல வேற டாக்டர் பார்க்கறப்ப அந்தப் பழைய படம்தான் அவருக்கு வேணும்.

இப்படிக்கு,
ஈரோடு பக்கத்துல இருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்